12 இரவு, நான்கு பேர், அத்தை சுத்த சைவம்: ஜப்பானில் எந்த ஊரை விடுவது?

காவேரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். வரும் கோடை விடுமுறையில் ஜப்பான் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 13 வயது மகன், என் மாமியார் ஆக நான்கு பேர். ஏப்ரல் 28 கிளம்பி மே 10 வாக்கில் திரும்புவதாக உத்தேசம். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, தேதியை மாற்ற இடம் இருக்கிறது.

நாங்கள் போவது சாப்பாட்டுக்காகவும், கோயில், தோட்டம், கைத்தொழில் பார்க்கவும்தான். தீம் பார்க் எதுவும் பட்டியலில் இல்லை. மகனுக்கு ராமென் நூடுல்ஸ் என்றால் உயிர், சுமோ மல்யுத்தமும் பார்க்க வேண்டுமாம். கணவர் மீன் பிரியர். எனக்கு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் காய்கறிச் சந்தையைப் பார்த்தாக வேண்டும். அத்தைக்கு 66 வயது. தஞ்சாவூர் ஓவியம் போடுவார். தங்கரேக்கு ஒட்டும்போது அவருக்கு இருக்கும் பொறுமை எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது. நன்றாக நடப்பார், ஆனால் முட்டி வலி இருப்பதால் தரையில் உட்கார்ந்து எழுவது கஷ்டம்.

அத்தை சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பால், தயிர், வெங்காயம், பூண்டு எல்லாம் உண்டு. மீன் கலந்தது என்று பிறகு தெரிந்தால் இரண்டு நாள் மனசு ஆறாது அவருக்கு.

இப்போதைக்கு நாங்கள் போட்டிருக்கும் கணக்கு: டோக்கியோ 3 இரவு, ஹாகோனே 1, தகயாமா 1, கனசாவா 1, கியோட்டோ 2, நாரா 1, ஹிரோஷிமா 1, ஒசாகா 2. எதைப் பார்த்தாலும் விட மனம் வரவில்லை.

மூன்று கேள்விகள். இது ஓட்டமாகிவிடுமா, எதை எடுக்கலாம்? ரயில் பாஸ் வாங்குவது லாபமா? அத்தைக்கு என்ன வழி? இங்கே ஒரு டிராவல் ஏஜென்டிடம் கேட்டதற்கு, "அவங்களுக்கு எல்லா நாளும் இந்தியன் ரெஸ்டாரன்ட் புக் பண்ணிடலாம் மேடம்" என்றார். அதைக் கேட்ட அத்தை, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை.

ரயில்நேசன்

ரயில் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

பாஸ் வேண்டாம். 7 நாள் சாதாரண ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் 29,650 யென்னாக இருந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 2023 அக்டோபரில் அதை 50,000 யென்னாக ஏற்றிவிட்டார்கள். உங்கள் பயணத்தில் பெரிய செலவு இரண்டுதான்: டோக்கியோவிலிருந்து கனசாவா சுமார் 14,000 யென், கனசாவாவிலிருந்து கியோட்டோ 8,000 யென் அளவில். கியோட்டோ, நாரா, ஒசாகா மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர், சாதாரண ரயிலில் சில நூறு யென்னில் முடிந்துவிடும். எல்லாம் கூட்டினாலும் பாஸ் விலையில் பாதிதான் வரும். பையனுக்கு 13 வயது என்பதால் முழுக் கட்டணம். அரை டிக்கெட் 6 முதல் 11 வயது வரைதான்.

கனசாவாவிலிருந்து கியோட்டோ போக 2024 மார்ச்சுக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பு நேர் ரயில் இருந்தது. இப்போது ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலின் பாதை சுருகா வரை நீண்டுவிட்டதால், அங்கே இறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போய் தண்டர்பேர்ட் ரயிலைப் பிடிக்க வேண்டும். மாறுவதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், கூட்டம் மொத்தமாக இறங்கி ஓடும். உங்கள் அத்தைக்காக அடுத்த தண்டர்பேர்டில் சீட் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ரயிலில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான்.

அப்புறம் டிக்கெட்டை டோக்கியோவில் இறங்கி, ஒசாகா பக்கத்துக் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புவது மாதிரி எடுங்கள். டோக்கியோவுக்கே திரும்பி வந்தால் ஒரு பகலும் 14,000 யென்னும் போகும், அதுவும் ஆளுக்கு.

ஒன்று மட்டும் இழப்பீர்கள். கனசாவா வழியாகப் போனால் ஃபூஜி மலையை ஜன்னலிலிருந்து பார்க்கும் வாய்ப்பு போய்விடும். டோக்கியோவிலிருந்து நேராக கியோட்டோ போகும் ரயிலில்தான் அது, ஈ வரிசை ஜன்னல் பக்கம். வானம் தெளிவாக இருந்தால் அவ்வளவு அழகு.

சாகாய்வாசி

காவேரிக்கரை, அத்தையை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் நால்வரில் இந்த நாடு அதிகம் கொடுக்கப்போவது அவருக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் ஒசாகாவுக்குத் தெற்கே சாகாய் நகரத்தில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். கும்பகோணத்துக்காரி, சைவம். அம்மா, பெரியம்மா, சித்தி என்று ஊரிலிருந்து வந்த எல்லோரையும் இங்கே அழைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். ஏஜென்ட் சொன்ன பதில் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பல நூற்றாண்டுகளாகத் துறவிகள் சைவமாகவே சமைத்து, அதை ஒரு கலையாக வளர்த்து வைத்திருக்கும் நாடு இது. அந்தச் சமையலைத் தேடிப் போகிற மாதிரி வழியைப் போடுங்கள். மற்ற மூவருக்கும் எந்தத் தெருவில் நின்றாலும் சாப்பாடு கிடைத்துவிடும். அத்தைக்கு நல்ல சாப்பாடு எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் வழித்தடம்.

முதலில் தேதியை மாற்றுங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை கோல்டன் வீக். ஜப்பானியர்கள் மொத்தமாக ஊர் சுற்றக் கிளம்பும் வாரம் அது. ஹோட்டல் விலை ஏறிவிடும், நோசோமி என்னும் அதிவேக ரயிலில் அந்த நாட்களில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது, கோயில் வாசலில் நிற்கக்கூட இடம் இருக்காது. உங்கள் பையனுக்கு மே முழுவதும் விடுமுறைதானே? மே 8 இங்கே வந்து இறங்குங்கள், 20 கிளம்புங்கள். ஜூன் மழைக்கு முந்தைய நாட்கள். மரமெல்லாம் புதுத் தளிர் விட்டு நிற்கும், வெயில் திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. மே இரண்டாம் ஞாயிறு டோக்கியோ ரியோகோகுவில் 15 நாள் சுமோ போட்டி தொடங்கும். மே 15 கியோட்டோவில் ஆஓய் திருவிழா. இரண்டும் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

எட்டு ஊர் வேண்டாம். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ரயில் பிடித்து, அடுத்த ஹோட்டலில் மூன்று மணி வரை அறைக்குக் காத்திருந்து என்று அரை நாள் கரைந்துவிடும். என் கணக்கு இது: டோக்கியோ 4, கனசாவா 2, கியோட்டோ 4, கோயாசான் 1, ஒசாகா 1. நாராவுக்குக் கியோட்டோவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாம், தனியாகத் தங்க வேண்டாம். ஹாகோனேயையும் தகயாமாவையும் எடுத்துவிடுங்கள். ஹாகோனேயின் சுகமே வெந்நீர் ஊற்றுக் குளியல்தான். பொதுக் குளியலறையில் உடையில்லாமல் இறங்குவதற்கு உங்கள் அத்தை சம்மதிப்பாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே இறைச்சித் துண்டையும் மீன் துண்டையும் ஒதுக்குவது எளிது. ஒதுக்க முடியாதது தாஷி என்னும் சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும், சூரை மீனை வேகவைத்துப் புகையில் உலர்த்திச் சீவிய கத்சுவோபுஷியையும் போட்டு எடுப்பது அது. நம் பக்கத்து மாசிக் கருவாடு எந்த மீனோ அதே மீன். சோயா விழுதில் செய்யும் மிசோ சூப், ஊதோன் நூடுல்ஸ், சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த கீரை, பூசணிக்காய் எல்லாவற்றிலும் தாஷி இருக்கும். கடைக்காரர் ஏமாற்ற நினைத்துச் செய்வதல்ல. "காய்கறி மட்டும்தான்" என்று மனதார நம்பித்தான் கொண்டுவந்து வைப்பார். அதனால் "சைவம்" என்று சொல்வதோடு நிறுத்தக் கூடாது. இந்த இரண்டு வரியைப் பாடம் செய்துகொள்ளுங்கள்: "நிகு மோ சகானா மோ தாபெமாசென். கத்சுவோ தாஷி மோ தாபெமாசென்." இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டோம், கத்சுவோ தாஷியும் சாப்பிட மாட்டோம். முட்டைக்கு "தமாகோ". இதையே ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் அச்சிட்டு நான்கு பேரும் வைத்திருங்கள்.

அவசரத்துக்கு 24 மணி நேரக் கடைகளில் உமெபோஷி ஊறுகாய் வைத்த ஒனிகிரி சோற்றுருண்டை, வெறும் உப்புப் போட்ட ஒனிகிரி, பால், சர்க்கரை சேர்க்காத தயிர், வறுத்த கடலை, பழம் எல்லாம் கிடைக்கும். பொட்டலத்தின் பின்புறத்தைப் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தயிர்சாதத்துக்கு இந்த ஊர் அரிசியைப் போல வேறு எதுவும் குழையாது. மைக்ரோவேவில் சூடாக்கும் சோற்றுப் பொட்டலம் எல்லாக் கடையிலும் உண்டு. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நாரத்தங்காய் ஊறுகாய் கொண்டுவாருங்கள். அரிசி, பழம், பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம், தாவரச் சோதனைச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். டெம்புராவை நம்ப வேண்டாம், பெரும்பாலான கடைகளில் மாவில் முட்டை சேரும்.

டோக்கியோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் அடித்தள உணவுக் கூடத்துக்குக் கட்டாயம் போங்கள். கடை மூடும் நேரம் நெருங்கினால் விலையைக் குறைத்து ஒட்டுவார்கள், உங்கள் கணவருக்குக் கொண்டாட்டம்தான். கப்பாபாஷி தெரு முழுவதும் சமையல் பாத்திரக் கடைகள், ஹோட்டல் வாசலில் காட்சிக்கு வைக்கும் பொம்மை உணவுகளும் அங்கேதான். சுகிஜியில் நடந்த மீன் ஏலம் 2018 அக்டோபரில் தொயோசுவுக்குப் போய்விட்டது, ஆனால் சுகிஜியின் வெளிச்சந்தை அதே இடத்தில் இருக்கிறது. கனசாவா ரயில் ஏறும் நாளில் டோக்கியோ ஸ்டேஷனுக்குள் இருக்கும் டீஸ் தன்தன் கடையில் சாப்பிடுங்கள். மீனும் முட்டையும் பாலும் இல்லாத ராமென். உங்கள் பையனும் பாட்டியும் ஒரே மேஜையில் ராமென் சாப்பிடலாம்.

கனசாவாவை நான் வைத்ததற்குக் காரணம் அத்தையின் தங்கரேக்கு. ஜப்பானின் தங்கரேக்கு கிட்டத்தட்ட முழுவதும் இந்த ஒரு ஊரில்தான் தயாராகிறது. தாளுக்கிடையே வைத்துத் தட்டித் தட்டி ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை மெலிதாக்குகிறார்கள். கியோட்டோவின் தங்கக் கோயிலைப் பார்க்கும்முன் அதில் ஒட்டும் தகடு எப்படிப் பிறக்கிறது என்று அவர் பார்த்துவிட வேண்டும். நகராட்சியின் யாசுயே தங்கரேக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. ஹிகாஷி சாயா தெருவில் சின்னப் பெட்டியிலோ தட்டிலோ நாமே ரேக்கு ஒட்டிப் பார்க்கும் பட்டறைகள் உண்டு. மூங்கில் இடுக்கியால் அதைத் தூக்கி, மூச்சுக்காற்று படாமல் படியவைக்கும் வித்தையை அத்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. கென்ரோகுஎன் தோட்டத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். மே மாதம் அங்கே ஓடைக்கரையில் நீல ஐரிஸ் பூக்கள். உங்களுக்கு ஒமிச்சோ சந்தை: மீன் ஒரு பக்கம், காகா காய்கறிகள் இன்னொரு பக்கம். இந்த வட்டாரத்துக்கே உரிய தாமரைக்கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் அந்தப் பெயரில்தான் விற்பார்கள். நண்டுக்குப் பேர்போன ஊர், ஆனால் அதன் பருவம் குளிர்காலம்.

கியோட்டோவில் நான்கு இரவு. அராஷியாமாவில் தென்ரியூ-ஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே ஷிகெட்சு என்ற சைவ உணவகம் இருக்கிறது, கோயில் முறைச் சமையல், முன்பதிவு செய்துகொண்டு போங்கள். நிஷிகி சந்தை 400 மீட்டர் நீளம், கூட்டம் சேரும்முன் காலையிலேயே போய்விடுங்கள். கோதுமைப் பசையில் செய்யும் ஃபூ, பாலாடை எடுப்பது போலச் சோயாப் பாலிலிருந்து எடுக்கும் யூபா, ஷிபாசுகே ஊறுகாய், பீன்ஸ் விழுதிலும் அரிசி மாவிலும் செய்யும் இனிப்புகள் எல்லாம் அத்தைக்கு உரியவை. மே மாதம் மூங்கில் குருத்துக்கும் புதுத் தேயிலைக்கும் காலம். ஒரு மதியம் ஊஜி போனால் புதுத் தேநீரும் கிடைக்கும், 10 யென் நாணயத்தில் இருக்கும் பியோதோ-இன் கோயிலை நேரில் பார்த்த மாதிரியும் ஆகும். ஊருக்குள் நான்கு பேர் என்றால் டாக்ஸி பிடிப்பதே மேல், பேருந்தில் ஏற இடம் இருக்காது. ஃபுஷிமி இனாரியில் மலை முழுக்க ஏற வேண்டாம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கோயில், சிவப்புத் தோரண வரிசை கொஞ்ச தூரத்திலேயே தொடங்கிவிடும்.

நாராவில் தோதாய்-ஜி கோயில். அந்தப் பெரிய புத்தருக்கு 752ஆம் ஆண்டு கண் திறந்துவைத்தவர் போதிசேனர் என்ற துறவி. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று ஜப்பானியக் குறிப்புகள் சொல்கின்றன. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அந்தக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டார்களாம். நம் சிற்பிகள் கண் திறக்கும் சடங்கை அறிந்த அத்தைக்கு இதைச் சொல்லிவிட்டு உள்ளே அழைத்துப் போங்கள்.

இனி கோயாசான். இந்த ஒரு இரவுக்காக வேறு எதை வேண்டுமானாலும் வெட்டலாம். 816ஆம் ஆண்டு கூகாய் என்ற துறவி மலைமேல் தொடங்கிய மடங்களின் ஊர். நூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள், அவற்றில் ஐம்பது போல யாத்திரிகர்கள் தங்க அறை கொடுக்கின்றன. ஒசாகா நம்பாவிலிருந்து நன்காய் ரயில், எங்கள் சாகாய் வழியாகத்தான் போகும். கடைசி ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிடம் கேபிள் கார், பிறகு பேருந்து. இரவும் காலையும் உணவு சேர்த்து ஆளுக்கு 12,000 யென்னிலிருந்து 20,000 வரை, சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும்.

மாலை ஆறு மணிக்குள் சாப்பாடு வந்துவிடும். சிவப்பு அரக்குத் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். எள்ளை அரைத்துப் பாலெடுத்துக் கிழங்கு மாவோடு கிளறி ஆறவைத்த கோமாதோஃபு, மலைக் குளிரில் உறையவைத்து உலர்த்தும் பழக்கத்திலிருந்து வந்த கோயாதோஃபு, முட்டையில்லாத மாவில் பொரித்த காய், ஊறுகாய், சோறு. சாறு கொம்புக் கடற்பாசியிலும் உலர்காளானிலும் எடுத்தது. பூண்டும் வெங்காயமும்கூடச் சேராது. அந்த அறையில் அத்தை யாரையும் எதுவும் கேட்க வேண்டாம், அட்டையைக் காட்ட வேண்டாம். நீங்கள் நால்வரும் ஒரே உணவைச் சாப்பிடுவீர்கள். என் பெரியம்மா அங்கே கோமாதோஃபுவைச் சாப்பிட்டுவிட்டு, செய்முறை கேட்டுச் சொல் என்று என்னைச் சமையல்கட்டுக்கே அனுப்பினார்.

காலை ஆறு, ஆறரைக்கு மந்திரம் ஓதும் வழிபாடு, அதில் உட்காருங்கள். பிறகு ஒகுனோயின் கல்லறைத் தோட்டம். இரண்டு கிலோமீட்டர் நடை, வானுயர்ந்த தேவதாரு மரங்கள், இரண்டு பக்கமும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட நினைவுக்கற்கள். ஐந்தடுக்குக் கற்கள் நிறைய இருக்கும். நிலம், நீர், தீ, காற்று, வெளி என்று அடுக்குக்கு ஒரு பூதம், சில கற்களில் ஒவ்வொன்றிலும் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்து. அத்தைக்கு விளக்கம் தேவைப்படாது. பையனுக்குச் சலிப்புத் தட்டினால் புது வாசல் பக்கம் கம்பெனிகள் வைத்த கற்களைத் தேடச் சொல்லுங்கள்: காபிக் கோப்பை வடிவில் ஒன்று, ராக்கெட் வடிவில் ஒன்று, பூச்சி மருந்துக்காரர்கள் தாங்கள் கொன்ற கரையான்களுக்காக வைத்தது ஒன்று. கூகாய் 835இல் மறையவில்லை, அங்கே இன்னும் தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. இன்றும் தினமும் இரண்டு வேளை, காலை 6 மணிக்கும் 10:30க்கும், துறவிகள் அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறார்கள். 10:30க்கு அவர் சமாதிக்கு முன்னால் உள்ள பாலத்தருகே நில்லுங்கள். பாலம் தாண்டினால் படம் எடுக்கக் கூடாது.

ஒசாகாவில் ஒரு இரவு போதும். உங்கள் கணவரும் மகனும் ஆக்டோபஸ் உருண்டையான தகோயாகி, குச்சியில் குத்திப் பொரித்த குஷிகாட்சு என்று தோதோன்போரித் தெருக்களில் மேயட்டும். இகேதாவில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, 1958இல் அது பிறந்த ஊர். நுழைவு இலவசம், செவ்வாய் விடுமுறை.

வடகரையான்

சாகாய்வாசி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஹிரோஷிமாவை அவர் பேச்சில்லாமல் விட்டதை ஏற்க முடியவில்லை.

உங்கள் மகனுக்கு 13 வயது. ராமென், சுமோ எல்லாம் சரி, ஆனால் இந்த வயதில் ஒரு பிள்ளை அந்த அமைதி அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குழந்தைகளின் கிழிந்த உடைகள், எரிந்த டிபன் பெட்டி, அணுகுண்டின் கதிர்வீச்சால் நோயுற்ற சிறுமி சதாகோ மடித்த காகிதக் கொக்குகள். பள்ளிப் பாடத்தில் 1945 ஆகஸ்ட் 6 என்று ஒரு வரியாகப் படித்தது அங்கே வேறு கனம் பெறுகிறது. நான் என் மகளோடு போனேன். வெளியே வந்து ஆற்றங்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம், பிறகு அவளாகவே கேள்வி கேட்க ஆரம்பித்தாள். பெரியவர்களுக்கு 200 யென், நடுநிலைப் பள்ளி வயது வரை இலவசம். குண்டுவீச்சுக்குத் தப்பிய டிராம் வண்டி இன்னும் அந்த ஊர்த் தண்டவாளத்தில் ஓடுகிறது என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கும் அது சாதாரண ஊர் அல்ல. ஹிரோஷிமா ஒகோனோமியாகியில் மாவை மெலிதாக ஊற்றி, மேலே மலைபோல முட்டைக்கோஸ், நூடுல்ஸ், முட்டை என்று அடுக்கடுக்காக வைப்பார்கள். ஒசாகாவில் எல்லாவற்றையும் கலந்து ஊற்றுவார்கள். போருக்குப் பிறகு அரிசி கிடைக்காமல், நிவாரணமாக வந்த கோதுமை மாவில் தெருவண்டிகளில் வளர்ந்த உணவு. வயிறு நிறைவதற்காக மனிதர்கள் கண்டுபிடித்தது என்ற எண்ணத்தோடு சாப்பிட்டால் அதன் ருசியே வேறு.

என்னைக் கேட்டால் கனசாவாவை எடுத்துவிட்டு ஹிரோஷிமாவில் இரண்டு இரவு வையுங்கள். மியாஜிமா தீவுக்கும் போகலாம்.

காவேரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இதை அப்படியே அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். தங்கரேக்கு வந்த இடத்தில் "மறுபடி படி" என்றார். கோயாசான் முடிந்ததும் தன் பாஸ்போர்ட் எப்போது காலாவதி என்று பார்க்கச் சொன்னார். அவர் வருகிறார், அது முடிவாகிவிட்டது. தேதியையும் மே 8 என்று மாற்றிவிட்டோம்.

இப்போது வீட்டில் வேறு விவாதம். வடகரையான் சொன்னதைப் படித்த கணவர் ஹிரோஷிமா கட்டாயம் என்கிறார், எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கனசாவாவை எடுத்தால் அத்தை ஒன்றும் சொல்ல மாட்டார், அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குத் தாங்காது.

இன்னொன்று. மடத்தில் தரையில் மெத்தை விரித்துத்தான் படுக்க வேண்டும், தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று படங்களில் பார்த்தேன். முட்டியோடு அவர் எப்படிச் சமாளிப்பார்?

சாகாய்வாசி

வடகரையான் சொன்னது சரி, அந்த அருங்காட்சியகம் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். கனசாவாவை எடுக்காமலே அதைச் செய்யலாம். கியோட்டோவில் இருக்கும் நான்கு நாளில் ஒருநாள் நீங்கள் நால்வரும் ஒன்றாக இருக்க வேண்டாம். உங்கள் கணவரும் மகனும் காலையில் நோசோமி பிடித்தால் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் ஹிரோஷிமா. அருங்காட்சியகம், ஒகோனோமியாகி, டிராம் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். மியாஜிமாவையும் அதே நாளில் திணிக்க வேண்டாம். போக வர ஆளுக்கு 23,000 யென்னுக்குப் பக்கத்தில் ஆகும். அதையும் சேர்த்தாலும் பாஸ் விலையைத் தொடவில்லை. அந்த நாளில் நீங்களும் அத்தையும் ஊஜி போங்கள். அப்பாவும் பிள்ளையுமாக மட்டும் அந்த இடத்தைப் பார்ப்பதும் நல்லதுதான். மே 15 மட்டும் வேண்டாம், அன்று ஆஓய் ஊர்வலம். பழைய அரண்மனையிலிருந்து காலை 10:30க்குக் கிளம்பும். அங்கே கட்டண நாற்காலிகள் போடுவார்கள், அத்தைக்காக அதை வாங்கிவிடுங்கள். மழை வந்தால் மறுநாளுக்குத் தள்ளுவார்கள், அதனால் 16ஐயும் கொஞ்சம் தளர்வாக வைத்திருங்கள்.

முட்டி விஷயம். தங்குமடங்கள் இப்போது வயதானவர்களுக்குப் பழகிவிட்டன. கட்டில் போட்ட அறைகள் சில மடங்களில் உண்டு, சாப்பாட்டுக்குத் தாழ்வான நாற்காலியும் மேஜையும் போட்டுத் தருவார்கள். ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், போய் இறங்கிக் கேட்டால் நடக்காது. முன்பதிவுக் கடிதத்தில் நான்கு விஷயம் எழுதுங்கள்: 66 வயது, முட்டி வலி, நாற்காலி வேண்டும். கட்டில் இருந்தால் நல்லது, இல்லையென்றால் இரண்டு மெத்தை அடுக்கித் தர முடியுமா. முட்டையும் கத்சுவோவும் கூடாது. அறையோடு சேர்ந்த கழிப்பறை இருக்கிறதா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், பழைய மடங்களில் அது வராந்தாவின் கோடியில் இருக்கும், மலைமேல் மே மாதத்திலும் இரவு நன்றாகக் குளிரும். ஒரு ஸ்வெட்டரும் காலுறையும் கைப்பையில் இருக்கட்டும்.

பெரிய பெட்டிகளை மலைக்குத் தூக்க வேண்டாம். 18ஆம் தேதி காலை கியோட்டோ ஹோட்டலிலேயே தக்யூபின் என்னும் பெட்டி அனுப்பும் சேவையில் கொடுத்துவிட்டால் மறுநாள் ஒசாகா ஹோட்டலில் இருக்கும், பெட்டிக்கு 2,000 யென் அளவில். சுருகா மாற்றத்துக்கும் இதையே செய்யுங்கள்.

சுமோ டிக்கெட் ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு விற்பனைக்கு வரும், வார இறுதி நாட்கள் உடனே தீர்ந்துவிடும். திங்களோ செவ்வாயோ பாருங்கள். கீழ்த்தளத்தில் தரையில் உட்காரும் கட்டம் எடுக்காமல் மேல்தள நாற்காலி எடுங்கள். மடத்தை அதற்கும் முன்பே பதிவு செய்யுங்கள், மே மாத அறைகள் சீக்கிரம் போய்விடும். பதில் ஜப்பானிய மொழியில் வந்தால் பெயர், எண் எல்லாம் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், வாசித்துச் சொல்கிறேன்.